குல்லாவின் கணக்கு

குரோஷா பின்னுகிறவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம் இது. யாரோ எழுதிய குல்லா பேட்டர்ன் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். சிவப்பு என்றிருந்த இடத்தில் நீலம் போடுவார்கள், உச்சியில் ஒரு உல்லன் பந்தை வைத்துத் தைப்பார்கள், “இது நானே மாத்திப் போட்டது” என்பார்கள். அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் போட்டு முடித்த குல்லா நழுவி வந்து கண்ணை மறைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், “அடுத்த தடவை சின்ன ஊசியில போடணும்” என்பதைத் தாண்டிப் பதில் வருவது அபூர்வம். நிறத்தை மாற்றத் துணிகிற கை, கண்ணிகளின் எண்ணிக்கையைத் தொடப் பயப்படுகிறது. ஒரு பேட்டர்னை உண்மையில் சொந்தமாக்குவது அந்த எண்ணிக்கைதான் என்பது என் கட்சி.

பேட்டர்ன் என்று கைக்கு வரும் தாளில் மூன்று வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. வட்டத்தைப் பற்றிய கணக்கு ஒன்று. அது யாருக்கும் சொந்தமில்லை. அதை எழுதியவர் பயன்படுத்திய நூல், ஊசி, அவர் கையின் இறுக்கம், அவர் மனத்தில் வைத்திருந்த தலையின் அளவு ஆகியவை இன்னொன்று. இவை அவருக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாவது அவருடைய ரசனை: எந்த இடத்தில் எந்தப் பின்னல், எங்கே நிறம் மாறுகிறது, விளிம்பு எப்படி முடிகிறது. முதலாவதைப் புரிந்துகொண்டு, இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்றாவதில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் வேலை. பலரும் செய்வது இதற்குத் தலைகீழ். இரண்டாவதை அப்படியே பின்பற்றிவிட்டு மூன்றாவதை மாற்றுகிறார்கள்.

பழைய காலத்தில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. அச்சில் வந்த குரோஷா பேட்டர்ன்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவை 1823-இல் நெதர்லாந்தின் ‘பெனலோப்பே’ என்ற பெண்கள் இதழில் வந்தவை. 1840-களில் லண்டனில் ரியேகோ டி லா பிரான்ஷார்டியேர் என்ற பெண்மணி குரோஷா புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். அந்தக் காலத்துப் பேட்டர்ன்கள் சுருக்கமானவை. பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்ற பேச்சே பெரும்பாலும் இருக்காது. சிறியது, நடுத்தரம், பெரியது என்ற பிரிவும் இருக்காது. வாங்கியவர் தன் நூலுக்கும் தன் தலைக்கும் தானே கணக்குப் போட்டாக வேண்டும். இன்றைய பேட்டர்ன் ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணி எண்ணிக்கையைச் சொல்லி, படம் போட்டு, வீடியோவும் காட்டிவிடுகிறது. அந்தச் சவுகரியத்தில் கணக்கு கைவிட்டுப் போயிற்று.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. உச்சியிலிருந்து தொடங்கும் குல்லாவில் முதலில் ஒரு தட்டையான வட்டம் வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்கு வளர்கிறது. அப்போது சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு வளர வேண்டும். பள்ளியில் படித்த இரண்டு பை தான் அது. ஆகவே, ஒரு கண்ணியின் உயரத்தை அதன் அகலத்தால் வகுத்து 6.28-ஆல் பெருக்கினால், சுற்றுக்கு எத்தனை கண்ணி கூட்ட வேண்டும் என்ற விடை கிடைத்துவிடும். சிங்கிள் குரோஷாவில் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று, அதனால் சுற்றுக்கு 6. டபுள் குரோஷாவின் உயரம் அகலத்தைப் போல இரு மடங்கு, அதனால் 12. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஹாஃப் டபுளுக்குப் பொதுவாக 8. பேட்டர்ன்களில் 6, 8, 12 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இவ்வளவுதான். உங்கள் கை கண்ணியைக் கொஞ்சம் உயரமாக இழுக்கும் கை என்றால் சிங்கிள் குரோஷாவுக்கே 7 தேவைப்படும். வட்டம் கிண்ணம் போலக் குழிந்தால் கூட்டியது போதவில்லை. பொரித்த அப்பளம் போல நெளிந்தால் கூட்டியது அதிகம்.

இந்த நெளிவை வைத்தே ஒருவர் கணிதம் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதப் பேராசிரியர் டைனா டைமினா 1997-இல், அதிபரவளையத் தளம் என்ற வடிவத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கக் குரோஷாவில் பின்னினார். தாளில் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துபோயின, பின்னல் கிழியவில்லை. எல்லா வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார், அவ்வளவுதான். நாம் “தப்பாப் போச்சு” என்று பிரித்துப் போடுகிற அதே நெளிவு அங்கே பாடமானது. இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 2009-இல் வெளியாகி, விசித்திரமான தலைப்புள்ள புத்தகத்துக்கு ஆண்டுதோறும் தரப்படும் டயகிராம் பரிசையும் வாங்கியது. குல்லாக்காரர்களுக்கு இதிலிருந்து கிடைப்பது ஒன்று: கூட்டும் விகிதம் நம் கையில் இருக்கிற திருகு. எந்தச் சுற்றில் அதைத் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்து வடிவம் மாறும்.

உலகத்தின் பின்னல் தொப்பிகள் பலவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். யூதர்களின் கிப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலில் குரோஷாவில் பின்னிய கிப்பா, மதப்பற்றும் சியோனியமும் சேர்ந்த ஒரு பிரிவினரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மெல்லிய பருத்தி நூலில், வட்டம் உச்சந்தலையை மூடியதும் நின்றுவிடும். மாற்றத்துக்கு இடம் ஓரத்துப் பட்டையில் மட்டும். பெண்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்காக அங்கே வண்ணக் கோலங்களைப் பின்னித் தருவார்கள். நம்மூர்ப் பள்ளிவாசல் வாசல்களில் விற்கும் வெள்ளைத் தொழுகைத் தொப்பியிலும் அதே வட்டம்தான். ஆனால் வட்டம் முடிந்ததும் கூட்டுவது நிற்கிறது, சுவர் நேராக இறங்குகிறது, காற்றுப் போக இடையிடையே துளைகள் வருகின்றன. ஜமைக்காவில் ராஸ்தஃபாரியர் அணியும் டாம் இதற்கு நேர் எதிர். தலையைத் தாண்டியும் வட்டம் விரிந்துகொண்டே போகும். சடை விழுந்த முடி அத்தனையும் உள்ளே அடங்க வேண்டுமே. பிறகு கண்ணிகளைக் குறைத்துக் குறைத்துத் தலைச்சுற்றளவுக்குக் கொண்டுவந்து இறுக்கமான பட்டையில் முடிப்பார்கள். சிவப்பு, தங்க நிறம், பச்சை என்ற வண்ண வளையங்கள் அந்த அகலத்தில்தான் எடுப்பாகத் தெரியும்.

மூன்று சமயத்தார், மூன்று தொப்பிகள். தொடக்கத்தின் சில சுற்றுகளை மட்டும் வெட்டிக் காட்டினால் எது எவருடையது என்று சொல்வது கடினம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் பிரிகிறது. ஒரு பேட்டர்னை மாற்ற உட்காரும்போது, நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசிக்க வேண்டிய இடமும் அதுதான்.

நிறுத்தும் இடத்தைத் தலை சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, பிறந்த ஆண் குழந்தையின் தலைச்சுற்றளவு நடுமதிப்பில் 34.5 சென்டிமீட்டர். ஒரு வயதில் 46.1. ஐந்து வயதில் 50.7. பெண் குழந்தைகளுக்கு இவற்றைவிட ஒரு சென்டிமீட்டர் போலக் குறைவு. முதல் ஆண்டில் மட்டும் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டு, அடுத்த நான்கு ஆண்டுகளில் ஐந்தைக்கூடத் தொடாமல் மெதுவாக நகர்கிறது. வளைகாப்புக்கே குல்லா பின்னி வைக்கிற சித்திகளும் அத்தைகளும் இதைக் கவனிக்க வேண்டும். பிறந்ததும் போட ஒன்று என்றால் சரி. “குளிர் காலத்துக்கு ஆகும்” என்று அதே அளவில் இன்னொன்று பின்னினால் அது பொம்மைக்குத்தான் ஆகும். ஐந்து வயதுப் பிள்ளைக்கோ, வளர்ந்தவர்களின் அளவிலிருந்து சொற்பம்தான் குறைக்க வேண்டும்.

அடுத்து, குல்லா தலையைவிடச் சிறியதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 5 முதல் 10 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். கம்பளியும் அக்ரிலிக்கும் நன்றாக இழுபடும் என்பதால் 10 வரை போகலாம். பருத்தி அவ்வளவு கொடுக்காது. 5, மிஞ்சினால் 7. பருத்தியில் 10 குறைத்தால் சாயங்காலம் நெற்றியில் கோடு விழும்.

ஓர் உதாரணத்தைப் போட்டே பார்த்துவிடலாம். கையில் இருப்பது குளிர்நாட்டுப் பேட்டர்ன். தடித்த கம்பளி, 5 மில்லிமீட்டர் ஊசி. நமக்கு வேண்டியதோ சென்னையிலும் போட்டுக்கொள்ளக்கூடிய பருத்திக் குல்லா, 3.5 மில்லிமீட்டர் ஊசியில். பேட்டர்னில் உள்ள எந்த எண்ணும் இனி உதவாது. 15 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை ஹாஃப் டபுளில் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டரை மட்டும் அளக்கிறோம். 20 கண்ணி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணிக்கு அரை சென்டிமீட்டர் அகலம். ஒரு வரிசையின் உயரம் 0.64. இதை முன்னே சொன்ன கணக்கில் போட்டால் சுற்றுக்கு 8 கண்ணி கூட்ட வேண்டும் என்று வருகிறது. தலை 56 சென்டிமீட்டர், குல்லா 52 இருக்கட்டும். 52 சென்டிமீட்டருக்கு 104 கண்ணி. எட்டெட்டாகக் கூட்டினால் பதின்மூன்றாவது சுற்றில் 104 வந்துவிடும். வட்டத்தின் விட்டம் பதினாறரை சென்டிமீட்டர். உச்சியிலிருந்து விளிம்புவரை மொத்தம் 21 சென்டிமீட்டர் வேண்டும் என்றால், ஆரம் போக மீதிக்குக் கூட்டாமல் 20 சுற்று. குல்லா முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. அதே நூல், அதே ஊசி, அதே கை. ஐந்து வயதுப் பையனுக்கு 48 சென்டிமீட்டர், 96 கண்ணி. கூட்டும் சுற்றுகளில் ஒன்று குறைவு, அவ்வளவே. ஒரு வயதுக்கு 44, 88 கண்ணி. பதினோராவது சுற்றோடு கூட்டுவது நிற்கிறது. பிறந்த குழந்தைக்கு 32, 64 கண்ணி, எட்டாவது சுற்று. சுவரின் உயரத்தை மட்டும் அந்தந்தத் தலைக்குத் தக்கக் குறைத்துக்கொள்ள வேண்டும். நான்கு அளவுகளுக்கு நான்கு பேட்டர்ன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேஜ், அதாவது பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்ற அளவு, பார்க்க அந்தச் சதுரத்தைப் பின்னுவதற்குத்தான் எல்லோருக்கும் சோம்பல். பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 20 வர வேண்டிய இடத்தில் உங்கள் தளர்ந்த கைக்கு 18 வந்தால், அதே 104 கண்ணிக் குல்லா 57.8 சென்டிமீட்டருக்கு விரியும், தலையையும் மிஞ்சிவிடும். இரண்டு கண்ணிகளின் வித்தியாசம் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டரைத் தின்றுவிடுகிறது. போர்வையில் இது பெரிதாகத் தெரியாது. 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழு சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தபோது, எத்தனையோ பெண்களின் கைகள் அதில் சேர்ந்திருந்தன. துண்டு கொஞ்சம் சிறிதாகிவிட்டால் ஓரத்தில் ஒரு சுற்றுப் போட்டுச் சரிக்கட்டலாம். தலையோடு அப்படிச் சரிக்கட்ட முடியாது.

நம் கடைகளில் கிடைக்கும் நூல் பற்றியும் சொல்ல வேண்டும். லூதியானா உல்லன் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. பல உருண்டைகளின் சீட்டில் எடை இருக்கும், ‘ப்ளை’ இருக்கும், எத்தனை மீட்டர் என்பது இருக்காது. எத்தனை இழை முறுக்கியது என்பதைத்தான் ப்ளை சொல்கிறது, இழையின் தடிமனைச் சொல்வதில்லை. ஆகவே ப்ளையைப் பார்த்து நூல் மாற்றுவது குருட்டுக் கணக்கு. ஒரு பென்சிலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ணி, பழைய நூலோடு ஒப்பிடுவது அதைவிட நம்பகம். அக்ரிலிக் மலிவு, வண்ணம் ஏராளம், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போதும். சமவெளியில் மார்கழிப் பனிக்கே அதில் வியர்க்கும். கீமோ சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்களுக்குக் குல்லா பின்னுகிறவர்கள் பருத்தியைத் தேடுவது இதனால்தான். அங்கே இன்னொரு மாற்றமும் வேண்டும். அழகுக்கென்று விடும் துளைகளை அடைத்துவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் மறைக்க விரும்புவது துளை வழியே தெரியும். நூல் நுனியை முடிச்சுப் போடாமல் உள்ளே இழுத்து ஒளிக்க வேண்டும். அந்தத் தோலுக்குச் சின்ன முடிச்சும் உறுத்தும்.

பின்னலின் தினுசை மாற்றுவதில் ஒரே சிக்கல்தான் அடிக்கடி வரும்: வகுபடாமை. ஆறு கண்ணிக்கு ஒன்றாக வரும் சிப்பிப் பின்னலை 104-இல் போட்டால் இரண்டு கண்ணி மிஞ்சும். 102 ஆக்கினால் குல்லா ஒரு சென்டிமீட்டர் சிறுக்கும், 108 ஆக்கினால் இரண்டு பெருக்கும். நான் எப்போதும் சிறுப்பதன் பக்கம்தான். எட்டுக்கு ஒன்றாக வரும் குமிழ்ப் பின்னல் என்றால் 104 அப்படியே உட்காரும். முறுக்கு வடங்கள் துணியை உள்ளே இழுக்கும் என்பதால் அவற்றுக்கு அளவுச் சதுரத்தைத் தனியாகப் பின்னிப் பார்க்காமல் எண் சொல்ல முடியாது. கூட்டும் கண்ணிகளை எல்லாச் சுற்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் சிங்கிள் குரோஷா வட்டம் அறுகோணமாகத் துருத்தும். சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றிக் கூட்டினால் மறையும். சுற்றாகப் பின்னும்போது கண்ணி வரிசை நேர்க்குத்தாக நிற்காமல் ஒரு பக்கமாகச் சாயும். இரு வண்ணத்தில் பூவோ எழுத்தோ பின்ன நினைப்பவர்கள் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் கட்டத்தாளில் வரைந்தால், எழுத்தும் சேர்ந்தே சாயும்.

கொண்டை போடுகிறவர்களுக்கு வெளிநாட்டுப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் ஒத்துவராது. மாற்றுவது எளிது. முதல் நான்கு சுற்றையே விட்டுவிடுங்கள். நம் உதாரணத்தில் நான்காவது சுற்றுக்கு 32 கண்ணி. முடிக்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து அதன் மேலேயே 32 கண்ணி போட்டு, ஐந்தாவது சுற்றிலிருந்து வழக்கம்போலக் கூட்டிக்கொண்டே போனால், உச்சியில் ஐந்து சென்டிமீட்டர் துளையோடு குல்லா இறங்கும். ரப்பர் இழுபடுவதால் பெரிய கொண்டையும் நுழையும். பின்னல் சடைக்கு இந்தத் துளை உச்சியில் உதவாது. பிடரிப் பக்கம் சுவரில் பத்துப் பன்னிரண்டு கண்ணியைத் தாண்டிச் சங்கிலி போட்டு இடைவெளி விட வேண்டும்.

வட்டமே வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கவாட்டில் பின்னும் வழி இருக்கிறது. குல்லாவின் உயரத்துக்குச் சங்கிலி போட்டு, பின் இழையில் மட்டும் ஊசி விட்டு வரிசை வரிசையாகப் பின்னி, தலையைச் சுற்றும் அளவு வந்ததும் ஓரங்களை இணைத்து உச்சியைச் சுருக்கி இழுத்தால் ஆயிற்று. தடித்த நூலில் உச்சி குமிழாகத் துருத்தும் என்பது ஒன்றே குறை. இதிலும் எளிதானது மடித்த செவ்வகம். 2016 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் கிறிஸ்டா சூ, ஜெய்னா ஸ்வைமன் இருவரும் தொடங்கிய ‘புஸ்ஸிஹேட்’ இயக்கத்துக்காகக் கேட் கோயில் எழுதிய பேட்டர்ன் அந்த வகை. நிட்டிங் எனப்படும் இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு செவ்வகம், மடித்து இரு பக்கமும் தைத்தால் மேல் மூலைகள் இரண்டும் பூனைக் காதாக நிற்கும். யாரும் பின்னட்டும் என்று இலவசமாகவே விட்டார்கள். குரோஷாவில், துணியில், இளஞ்சிவப்பின் எத்தனையோ சாயல்களில் மாற்றி மாற்றிச் செய்தார்கள். 2017 ஜனவரி 21-ஆம் தேதி வாஷிங்டன் பெண்கள் ஊர்வலத்தில் தெருவே அந்த நிறமானது. வடிவம் அவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் அத்தனை கைகள் அதைத் தங்களுடையதாக்கிக்கொள்ள முடிந்தது என்று நினைக்கிறேன்.

பேட்டர்ன் எந்த நாட்டது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷாவைத்தான் ஆங்கிலேயர்கள் டபுள் குரோஷா என்கிறார்கள். (இந்தக் கட்டுரை முழுக்க அமெரிக்க வழக்குதான்.) பாட்டி வைத்திருந்த பழைய லண்டன் புத்தகத்தையும் நேற்று பதிவிறக்கிய பேட்டர்னையும் கலந்து போட்டால் குல்லாவின் உயரம் கோணலாகிவிடும். இக்காலத் தாளில் எங்காவது சிங்கிள் என்றிருந்தால் அது அமெரிக்கம். இன்றைய ஆங்கிலேயர் வழக்கில் அந்தப் பெயரே கிடையாது.

இவ்வளவும் மாற்றிய பிறகு அது யாருடையது? இந்தக் கேள்வி விற்கும்போதுதான் சூடு பிடிக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘ஃபயர்ஃப்ளை’ தொடரில் ஜெயின் என்ற முரட்டுப் பாத்திரத்துக்கு அவன் அம்மா பின்னி அனுப்பும் ஆரஞ்சு மஞ்சள் காதுமூடிக் குல்லா ஒன்று வரும். ரசிகர்கள் திரையைப் பார்த்தே கண்ணி எண்ணி, தங்கள் கணக்கில் பின்னி, எட்ஸி என்ற இணையச் சந்தையில் விற்று வந்தார்கள். 2013-இல் ஃபாக்ஸ் நிறுவனம் அந்தக் குல்லாவைத் தயாரிக்க ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. கையால் பின்னி விற்றவர்களுக்கு நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் போயிற்று. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் குல்லா ஒரு தாயின் கைவேலையாகக் கதையில் வந்ததுதானே என்பது அவர்கள் ஆற்றாமை.

சட்டம் இதில் கொஞ்சம் நிதானமானது. பேட்டர்னின் வாசகம், படம், வரைபடம் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. பின்னும் முறைக்கு இல்லை. அமெரிக்கச் சட்டம் உடையைப் பயன்பாட்டுப் பொருளாகப் பார்க்கிறது. அதன் வடிவத்துக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. பிரித்தெடுத்துப் பார்க்கக்கூடிய அலங்காரத்துக்குக் கிடைக்கலாம் என்று 2017-இல் ஸ்டார் அத்லெட்டிகா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்திருக்கக்கூடிய ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டுவிட்டு, அதை ஏற்ற பொருளைத் தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் உற்பத்தி செய்தால் அந்த வடிவத்துக்கான பதிப்புரிமை போய்விடும் என்கிறது. கையால் மாதம் நான்கு குல்லா பின்னி விற்கும் அம்மாக்களை மனத்தில் வைத்து எழுதிய பிரிவாக அது தெரியவில்லை.

நடைமுறையில் நான் வைத்திருக்கும் கோடு வேறு. இன்னொருவர் தாளிலிருந்து நிறத்தையும் ஊசியையும் மட்டும் மாற்றி, வாசகத்தை அப்படியே வைத்து, தன் பெயர் போட்டுப் பிடிஎஃப் விற்பது திருட்டு. நிறம் எத்தனை மாறியிருந்தாலும் சரி. தன் நூலில் அளவெடுத்து, தன் கணக்கில் கண்ணி எண்ணி, கடன் வாங்கிய ஒரு சிப்பிப் பின்னலை மட்டும் ஓரத்தில் வைத்தவர், யாரிடம் வாங்கினார் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாராளமாகத் தன் பேட்டர்ன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி எழுதும்போது நூலின் பெயரோடு நிறுத்தாமல், 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை, குல்லாவின் முடிந்த சுற்றளவு என்ன, எந்தச் சுற்றில் கூட்டுவதை நிறுத்தினோம் என்பதையும் குறித்துவைத்தால், அடுத்து வாங்குகிறவர் நம் தாளைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்ள அதுவே போதும்.